வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து

மண் பரிசோதனைக்காரர்களிடையே அவருக்கு 'அம்பது' என்றுதான் பெயர். கட்டடம் எழும்புவதற்கு முன் பூமியில் துளை போட்டு, கனத்த சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, குழாய் ஒரு முழம் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவது அவர் தொழில். ஐம்பது அடித்தும் இறங்கவில்லையென்றால் கீழே கெட்டி என்று எழுதுவார்கள். முப்பது வருடமாக வாய்விட்டு எண்ணி எண்ணி, வீட்டில் மாடிப்படி ஏறினாலும் எண்ணுகிற ஆள்.

அன்று போட்டது நாலாவது துளை, கடைசி மூலையில். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாடியில் புதுக் கட்டடம். அவர் மகள் அங்கே டீச்சர். அவள் வகுப்பும் நாற்பது பிள்ளைகளும் இதன் கீழ்த்தளத்துக்குத்தான் வரப்போகிறார்கள்.

எட்டு மீட்டரில் ஐம்பது அடித்தும் குழாய் அசையவில்லை.

"பாறை வந்துடுச்சு. மூடிடுங்கண்ணே," என்றான் இஞ்சினியர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாறை இல்ல சார், நடுவுல கிடக்கிற கல்லு. மத்த மூணு துளையிலயும் பதினாலுலதானே பாறை வந்துச்சு?"

"அம்பது ஆச்சா இல்லையா?"

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. இவனோடு பேசி வாயைக் கெடுத்துக்கொள்வானேன் என்று வைர முனையை மாட்டித் துளைத்தார். ஒரு மீட்டர்கூட முழுதாக இல்லை, கல் முடிந்துவிட்டது. மறுபடி குழாயை இறக்கிச் சுத்தியலை மேலே வைத்தார். ஓர் அடிகூட விழாமல் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. எண்ண ஒன்றுமில்லை. வெளியே எடுத்தால் கொழகொழவென்று கறுப்புக் களிமண்.

"இதை எழுதுங்க சார்."

"எட்டுல பாறைன்னு எழுதி அப்பவே போன்ல ஸ்கூலுக்கு அனுப்பியாச்சு. கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

இருந்தது. வேலை தொடங்கினால் கை பூரா சேறாகிவிடும் என்று, முதல் நாளே எழுதாத ரிப்போர்ட் தாள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். அவரும் யோசிக்காமல் போட்டிருந்தார்.

"விடுங்கண்ணே, ஒரு மூலைதானே."

"அந்த மூலையில உன் பிள்ளைய உக்கார வைப்பியா?"

பேச்சிலிருந்து 'சார்' போய்விட்டது. இஞ்சினியர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது அவருக்கு. இத்தனை வருடம் எத்தனை தாளில் இப்படிப் போட்டுக் கொடுத்திருப்பேன்! களியை ஒரு ஜாடியில் அடைத்துக்கொண்டு விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்குள் நடந்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் மகள் மறித்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"பொய்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டவரைத்தானேப்பா பிடிப்பாங்க?"

"பிடிக்கட்டும்."

"இனிமே யாருப்பா உங்களுக்கு வேலை குடுப்பாங்க?"

"குடுக்க வேணாம். நீ கதவைத் திற."

திறந்தாள். ஜாடியை மேஜைமேல் வைத்து, நின்றபடியே சொன்னார்: "மேடம், உங்ககிட்ட வந்திருக்கிற ரிப்போர்ட் பொய். அதுல இருக்கிறது என் கையெழுத்து."