கறுப்புக் காரும் சிவப்புக் காரும்

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையில் எஹலியகொடப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் நாங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். தோட்டத்தை நடத்திய எங்கள் தொரையிடம் வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புக் கார் ஒன்று இருந்தது. அதை விலைக்குக் கேட்டு, மாணிக்க முதலாளி ஒருவரின் மகன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தான்.

பங்களா வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பால் வாளிகளோடு போன நாங்கள் நின்று பார்த்தோம். கறுப்புக் கார் ஆள் உயரம், பெட்டகம் போலக் கனத்த கதவுகள். சிவப்புக் கார் என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"இதுல குந்துனா ரோட்டுல குந்துன மாதிரிதான்," என்றார் மச்சான், என் அக்காவின் கணவர்.

தொரை விற்க மறுத்துவிட்டார். நாங்கள் முதல் வளைவுக்குப் போவதற்குள் பின்னால் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் சிவப்புக் கார் மச்சானைத் தூக்கி ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்துவிட்டு நின்றது. அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினாள். இரத்தம் பட்டால் சீட் நாசமாகிவிடும் என்று சொல்லி அவன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

அக்கா பால் வாளியைத் தூக்கி முன்கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது. சிவப்பின் மேல் வெள்ளையாகப் பால் வழிந்தது. அவன் இறங்கி வந்து, அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைக் காரிலேயே மோதினான். அதன்பிறகு யாரும் பொறுக்கவில்லை. நான் கானுக்குள் மச்சானின் காலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அடி விழுகிற சத்தமும், கல் பட்டு அந்தக் கார் நசுங்குகிற சத்தமும் மேலே கேட்டன.

தொரை கறுப்புக் காரில் வந்து சேர்ந்தார். "போதும் விடுங்க. ரெண்டு பேரையும் ஏத்துங்க."

பின்சீட்டில் ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் அவன், நடுவில் அக்கா. நான் பக்கப் படியில் தொற்றிக்கொண்டேன். ஏற்றத்தில் வண்டி முக்கி முனகியது. வளைவுதோறும் அவன் தலை அக்காவின் தோளில் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முழங்கையால் இடித்துத் தள்ளினாள்.

அவனுக்கு ஒரு கண் போனது. மச்சானின் காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பொலிஸ் எங்கள் லயத்து வீடுகளில் இருந்த ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்தது. சிவப்புக் காரை ஓட்டியவனிடம் ஒரு வாக்குமூலம்கூட வாங்கவில்லை.

"அந்தச் செவப்பு வண்டியில போயிருந்தா காலு தப்பியிருக்கும்," என்று மச்சான் சில நேரம் சொல்லுவார்.

"அவன இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்," என்பாள் அக்கா.