பத்துக்கு எத்தனை

என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்தபோது வந்த பெண்களெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “மொகத்தப் பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு! தூங்குற மாதிரியே இருக்காரே!” அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்திலும் சுள்ளென்று கோபம் வந்தது. எழுந்து நின்று, “அடி போங்கடி, பல வருஷமா அந்த முகம் அப்படித்தான் இருந்துச்சு. அப்ப ஒங்கள்ல எவளாவது அமைதின்னு சொன்னீங்களா?” என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இலங்கை மலைநாட்டில் எல்ல என்கிற டவுனில் ஆட்டோ ஓட்டினார். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையும் பாலமும் காட்டுகிற தொழில். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு இருந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. மிச்சத்தைப் பல்லைக் காட்டியே சமாளித்தார். சிரிக்க வைப்பதில் அப்படி ஒரு கெட்டிக்காரர். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அழுகிற பிள்ளையை அடக்க முடியாவிட்டால், “ஒன் வீட்டுக்காரரக் கூப்பிடு” என்றுதான் கங்காணியே சொல்லுவார்.

முதலில் அவருக்கு வலது தோள் பிடித்தது. கையைத் தூக்க முடியவில்லை. நாள் முழுக்க ஆட்டோவை முறுக்கிப் பிடிக்கிற கை, வேறென்ன ஆகும் என்று நினைத்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். பண்டாரவளையில் ஒரு தனியார் டாக்டர் மூட்டு இறுகிவிட்டது என்று தோளிலே ஊசி போட்டார். நான் தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். மூட்டு மூட்டு என்று சொல்லியே வருஷங்கள் போய்விட்டன.

தோளோடு சேர்ந்து சிரிப்பும் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. முதலில் வாய் மட்டும் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பிறகு வாயும் நின்றது. ஆட்டோவில் ஏற வந்த வெள்ளைக்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். “பெரிய ஆளாயிட்டாரு, நம்மகிட்டல்லாம் சிரிக்க மாட்டாரு” என்று லயத்தில் பேசினார்கள். நான் என்ன நினைத்தேன்? என்னோடுதான் ஏதோ மனத்தாங்கல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பார், அதையும் அதே முகத்தோடு. ஒன்றுமில்லாதவருக்கு அப்படியொரு முகம் எதற்கு?

மகளுக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்த நாளை மறக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல். கீழே பஸ்ஸிலிருந்து இறங்கி, படிக்கட்டுப் படிக்கட்டாக ஓடிவந்து, “அப்பா, எனக்குக் கெடச்சிருச்சுப்பா!” என்று மூச்சு வாங்க நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. “நல்லது” என்றார். அந்தப் பிள்ளை அப்படியே அடுப்படிக்கு, குசினிக்குள் வந்து என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். “அப்பாவுக்குச் சந்தோஷமே இல்லையாம்மா?”

நான் விடுவேனா? வெளியே வந்து, “நீங்க மனுசனா, மரமா?” என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். அதன் பிறகு நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாவற்றையும் நானும் மகளும் குசினியிலேயே பேசி முடித்துக்கொண்டோம். அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மகள் படிக்கப் போன பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரியில் தோள் இறுகியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். புதிய பயிற்சி, இலவச மருந்து. கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் தோளைத் தொடுவதற்கு முன்னால், “கொஞ்சம் நடந்து காட்டுங்க” என்றார். அவர் நடந்தார். இடது கை வீசியது. வலது கை ஒட்டிவைத்தது போல உடம்போடு கிடந்தது. டாக்டர் அவருடைய விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, இந்த ஆய்வில் இவரைச் சேர்க்க முடியாது என்றார். நோய் தோளில் இல்லையாம், மூளையிலாம். பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார்.

அங்கேயே கிளினிக்கில் நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கை ஓரளவு விட்டுக்கொடுத்தது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். கையைப் பற்றிப் பேசினார்கள், நடையைப் பற்றிப் பேசினார்கள். முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. கையில் வந்த நோய் சிரிப்பிலும் வரும் என்று நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்? நோய் வந்ததால் மனசும் விட்டுப்போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். ஆட்டோவையும் விற்றோம். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் வேலைக்குப் போய் வருவேன்.

பிறகு அதே கிளினிக்கில் இன்னோர் ஆய்வுக்குக் கேட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வர வேண்டும் என்றார்கள். ஐப்பசி மழையில் போனோம். தை பிறப்பதற்குள் சளி நெஞ்சில் கட்டி அவர் போய்விட்டார். அப்படி ஆகும் என்று அந்த மழையில் போனபோது எங்களுக்குத் தெரியாது.

அந்த ஆய்வைச் செய்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர். எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். என் வீட்டுக்காரரை ஒரு நாற்காலியில் இருத்தி, முகத்துக்கு நேரே கேமராவை வைத்தார். என்னை அவருக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருத்தினார். “அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் சந்தோஷமாயிருந்த ஒரு நாளைப் பற்றி ஐயாவுக்குச் சொல்லுங்கோ. ஐயாவின்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லோணும். அங்கால இங்கால பாக்கக் கூடாது.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதைச் சொல்ல? கடைசியில் தெமோதரைக் கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் ரெயிலில் பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தெமோதரையில் வடை வாங்குகிறேன் என்று இறங்கினார், ரெயில் கிளம்பிவிட்டது. நான் ஜன்னலில் தலையை நீட்டி ஓவென்று அழுகிறேன். அந்த ஸ்டேஷனை விட்ட ரெயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைந்து வெளியே வரும். அது எனக்குத் தெரியாது. குகையைவிட்டு வெளியே வந்தால், மேட்டிலிருந்து சரிந்து ஓடிவந்த மனுஷன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சேறும் சகதியுமாக நிற்கிறார். வடைப் பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, ஆடுகிறார்! பெட்டியே சிரித்தது. ரெயில் நிற்காமல் போய்விட்டது, அப்புறம் பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து சேர்ந்தார்.

சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. டாக்டரும் சிரித்தார். எதிரே இருந்த முகம் அப்படியே இருந்தது. என் சிரிப்பு பாதியில் செத்துப்போயிற்று.

“அம்மா, ஐயாவின்ரை முகத்தைப் பாத்த அளவில, அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்? பத்துக்கு எத்தனை குடுப்பியள்?”

“பூஜ்யம்” என்றேன். அப்படி ஒரு கசப்பு எனக்கு.

“ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. மனசுக்குள்ள எவ்வளவு சந்தோஷம்?”

அவருக்குக் குரலும் அப்போது தேய்ந்துபோயிருந்தது. உதட்டைக் கூட்டி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பத்து” என்றார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் என் கையைத் தொட்டு, இந்த நோய் முகத்துத் தசைகளையும் கட்டிப்போட்டுவிடும், உள்ளே சிரிப்பது வெளியே வராது என்று விளங்கப்படுத்தினார். எனக்கு மகள் குசினியில் நின்று அழுததுதான் ஞாபகம் வந்தது. ஐயோ கடவுளே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் அவரிடம், “கதையில எந்த இடம் ஐயா உங்களுக்குக் கூடுதலாச் சந்தோஷம் தந்தது?” என்று கேட்டார்.

“கத இல்லைங்க டாக்டர். அது எனக்குத் தெரிஞ்ச கததானே” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “இவ எம்மொகத்தப் பாத்துப் பேசி ரொம்ப வருஷமாச்சு” என்றார்.

“அடப் பாவி மனுசா, அத வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” டாக்டர் இருக்கிறார், கேமரா ஓடுகிறது என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதேன்.

“நீதான் எம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சேன் புள்ள” என்றார்.