கரும்பலகையில் அவர் சேர்த்த வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். இதில் என் அப்பாவின் குடி வருகிறது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகும் கை வரவில்லை. ஆனால் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அப்பாவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், லைன் முகப்பில் ஒரு கரும்பலகை இருந்தது. மேலே அன்றைய டார்கெட். கீழே இன்சார்ஜ் தினமும் ஒரு ஆங்கிலச் சொலவடை எழுதி, பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் அர்த்தம் சொல்வார். வீட்டில் தெலுங்கு, டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுகிறவருக்கு ஆங்கிலத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. ஒரு வாரம் முழுக்க ரத்தம் வரும் சொலவடைகளாகவே எழுதினார். நீல ரத்தம் என்றால் பெரிய வம்சத்தில் பிறந்தவன். கல்லிலிருந்து ரத்தம் எடுப்பது என்றால், நம் ஊரில் கல்லில் நார் உரிப்பது. "கேன்டீன்காரர்கிட்ட ரெண்டாவது வடை கேக்கற மாதிரிங்களா சார்?" என்று ஒருவன் கேட்க, அவரே சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை எழுதியது, 'ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.' பெற்றவர் குணம் என்றைக்காவது பிள்ளையிடம் வெளிப்படும் என்று விளக்கினார். பக்கத்து மிஷின்காரன் என்னைப் பார்த்து, "அப்ப நீ எப்படா ஆரம்பிக்கப் போற?" என்றான். ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் என் அப்பா விழுந்து கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று சாயங்காலம், எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா சூளகிரியிலிருந்து என்னைப் பற்றி விசாரிக்க வந்துவிட்டார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இன்சார்ஜிடம் பேசிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த நான் அப்படியே அவர்கள் பின்னால் நின்றுவிட்டேன். "அப்பன் ரத்தந்தானே சார் பையன் உடம்புலயும் ஓடுது?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. சம்பந்தம் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

காலையில் அதையே எழுதிய மனிதர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். பிறகு சொன்னார்: "அவங்க அப்பா குடிப்பாருங்க. இல்லேன்னு சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழம கோயில் விட்டதும் இவன் நேரா அப்பனத் தேடிட்டுத்தான் போவான். கழுவிவிட்டு, தோள்ல சாச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறத, ஊத்தங்கரைக்குப் போனப்ப நானே பாத்திருக்கேன். ஒரு நாளும் வஞ்சதில்ல. அவரையே அப்படிப் பாக்கறவன் உங்க பொண்ணப் பாக்கமாட்டானா?"

திங்கட்கிழமை போனபோது அந்த வரி அழியாமல் இருந்தது. அதன் கீழே தமிழில், 'எப்போதும் அல்ல' என்று சேர்த்திருந்தார். அன்று மட்டும் அவர் அர்த்தம் சொல்லவில்லை.

சூளகிரிப் பெண்தான் என் மனைவி. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். இன்சார்ஜ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது டிவி வைத்து டார்கெட் ஓட்டுகிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தச் சாக்பீஸ் எழுத்து என் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். இரக்கப்பட்டு என் அப்பாவின் குடியை விட்டுவிடாதீர்கள். இன்சார்ஜும் அதை விடாமல்தான் சொன்னார்.