நாலாம் நம்பர் குழாய்

தண்டையார்பேட்டையில் அந்தத் தெருக் கிணறுகளில் பெட்ரோல் நாறத் தொடங்கியபோது, பூமிக்கடியில் ஓடும் எண்ணெய்க் குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கம்பெனி இன்ஜினியர் கருணாகரன் வந்தார், முகர்ந்தார், மொஹ்சினின் மெக்கானிக் ஷெட்டைக் கைகாட்டினார். "இவன் கழுவி ஊத்துறதுதான்." தெரு நம்பியது. ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். மொஹ்சினோடு யாரும் பேசவில்லை. ஒரே வருடத்தில் மாரடைப்பு. உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க அடுத்த தெருவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் மனைவி சாபிரா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் யார் வரவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

பிறகு புகார் பெரிதாகி, நிலத்தடி நீரில் எண்ணெய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க ஆறு இடங்களில் கண்காணிப்புக் குழாய்கள் இறக்கினார்கள். மூடி திறக்க, பாட்டில் கழுவ உள்ளூர்ப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். சாபிரா போய் நின்றாள். கருணாகரனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஷெட்டைக் கைகாட்டிய அன்று அவர் அவள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே!

மூன்று வருடம் வாய் பேசாமல் வேலை கற்றாள். குழாய்க்குள் அளவு நாடாவை இறக்கி, தண்ணீர்மேல் எண்ணெய் எத்தனை கனம் மிதக்கிறது என்று அளக்கத் தெரிந்துகொண்டாள். பரிசோதனைக்கூடத்துச் சாண்ட்ரா ஒருநாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஷெட்டுல ஊத்தியிருந்தா கறுப்பா பழைய ஆயில் கலந்திருக்கும்க்கா. இது கம்பெனி எண்ணெய்க் குழாய்லேர்ந்து நேரா கசிஞ்ச பெட்ரோல்."

"அத்த எழுதிக் குடு. தேதி போட்டு" என்றாள் சாபிரா.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள், நாலாம் நம்பர் கண்காணிப்புக் குழாயில் கம்பெனி ஆட்கள் டேங்கர் தண்ணீர் விடுவார்கள். மறுநாள் எண்ணெய் தெரியாது.

விசாரணைக் குழு வரும் செய்தி கிடைத்ததும், டேங்கர் வருவதற்கு முன்னால் சாண்ட்ராவும் அவளுமாக ஒரு பாட்டில் எடுத்து முத்திரை வைத்தார்கள். தண்ணீர் விடுவதை சாபிரா போனில் படம்பிடித்தாள். மறுநாள் கருணாகரன், "எல்லாம் க்ளியர் சார்" என்றபோது பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"இது நேத்து காலைல எட்த்தது சார். ரெண்டு வெரல் கனம் பெட்ரோல் நிக்குது பாருங்க. அப்பாலதான் டேங்கர் தண்ணி வுட்டாங்கோ. அதுவும் போன்ல கீது."

"யாரும்மா நீ?" என்றார் கருணாகரன்.

"மொஹ்சின் பொண்டாட்டி."

கம்பெனியின் எண்ணெய்க் குழாயை மூடினார்கள். கருணாகரனை சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து அவரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டேங்கர் நான் சொல்லி வரலைன்னு ஒரு கடிதம் குடும்மா. எனக்கும் குடும்பம் இருக்கு."

"என் புருஷனுக்கும் இருந்திச்சி. தெருவுல ஒவ்வொரு வூட்டுக் கதவையும் தட்டு. 'மொஹ்சின் தப்பு பண்ல, நான் சொன்னது பொய்'னு சொல்லு. அப்பால வா."

கொளுத்தும் வெயிலில் நாற்பத்திரண்டு கதவுகள். சாபிரா பின்னாலேயே நடந்தாள். அவள் கண் கருணாகரன்மேல் இல்லை. கதவைத் திறந்தவர்களின் முகத்தில் இருந்தது. அன்று சந்தூக்குத் தூக்க வராத சௌக்கத் அலி, "மன்னிச்சிடும்மா" என்று தலைகுனிந்தார். சாபிரா அடுத்த கதவுக்கு நடந்தாள்.

எல்லாம் முடிந்து, சட்டை நனைந்து திரும்பிய கருணாகரன் கேட்டார்: "இப்ப அந்தக் கடிதம்?"

"வான்னுதான் சொன்னேன். தர்றேன்னு சொன்னனா?"

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.