பதினாலாம் பிரிவும் இரண்டு சம்பந்திகளும்

எந்தச் செருப்பைப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்யவே வக்கீலம்மாவுக்குக் கால் மணி நேரம் ஆகும் என்று அவர் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறை அலுவலகத்தில், வியாபாரிகளுக்குப் பத்திரம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கூட்டு சேர வருகிறவர்கள் லாபத்தைப் பற்றியே பேசுவார்கள். அவர் பிரிவதைப் பற்றிக் கேட்பார்.

மெத்தைக் கடை வைக்க வந்த சம்பந்திகளிடமும் அதைத்தான் கேட்டார். ஒருவர் பெண்ணின் அப்பா, மற்றவர் பிள்ளையின் அப்பா. பங்கு பாதிக்குப் பாதி.

"ஒருத்தர் ஆமாங்கறீங்க, இன்னொருத்தர் இல்லைங்கறீங்க. அப்போ யார் சொல்றது நடக்கும்?"

அப்படியொரு நாளே வராது என்றார்கள் இருவரும். வெளியாள் ஒருவரை நடுவராக வைக்கலாம், அல்லது ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ள வழி எழுதலாம் என்று அவர் விளக்கினார். பங்கை வாங்குவது என்றதும் பிள்ளையின் அப்பா முகம் சுண்டிவிட்டது. சம்பந்தியை வெளியே அனுப்புவதைப் பத்திரத்தில் எழுதினால் நாளைக்கு மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆளுக்கொரு வக்கீல் வைத்துக்கொள்வதுதான் முறை என்றும் வக்கீலம்மா சொல்லிப் பார்த்தார். ஒரு குடும்பத்துக்கு எதற்கு இரண்டு வக்கீல் என்று சிரித்தார்கள்.

"தகராறுன்னு வந்தா நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்கம்மா" என்றார் பெண்ணின் அப்பா.

கட்சிக்காரர் வியாபாரத்துக்குள் வக்கீல் தலையை நுழைக்கக் கூடாது என்பது வக்கீலம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாலு மணிக்கு மகளின் பள்ளியில் இருக்க வேண்டும். தன் வார்த்தையே இறுதி என்று கேட்பதில் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. பங்குதாரர்கள் உடன்படாத எந்த விஷயத்திலும் இப்பத்திரத்தை எழுதிய வழக்கறிஞரின் முடிவே இறுதியானது என்று பதினாலாம் பிரிவில் எழுதிவிட்டுக் கிளம்பினார்.

நாலாம் நாள் போன் வந்தது. பெயர்ப்பலகை நீலமா, பச்சையா? நீலம் என்றார். மறுநாள், மெத்தை வாங்கினால் தலையணை இலவசமா என்றார்கள். அதற்கடுத்து, வாடிக்கையாளர் படுத்துப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்லலாமா? சம்பந்தி முகத்துக்கு நேராக ஒரு 'இல்லை' சொல்ல இருவருக்குமே நா எழவில்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு "நீங்க சொல்றது ரொம்ப சரி" என்று தலையாட்டிவிட்டு, ஆளுக்கொரு மூலையில் நின்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்கள். மூன்று வாரத்தில் பதினோரு தீர்ப்பு. நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்றுகூட ஒன்று சொன்னார்.

பொறுக்க முடியாமல் இருவரையும் வரவழைத்து, அந்தப் பிரிவை எடுத்துவிடலாம் என்றார். பத்திரத்தைத் திருத்த இரண்டு பேர் சம்மதமும் வேண்டும்; அதையும் எழுதியவர் அவர்தான். இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். கூட்டு சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"நீங்க நடுவுல இருக்கறதாலதாம்மா நாங்க இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் பிள்ளையின் அப்பா.

அடுத்த வாரம் சரக்கு வண்டிக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று தகராறு. ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குச் சிவப்பு. வக்கீலம்மாவுக்கு அன்று ஒரு வழக்கு தோற்றிருந்தது, தலைவலி வேறு.

"பழுப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வண்டி சேற்றில் புரண்டு எழுந்த மாதிரி வந்து நின்றது. கட்சிக்காரர் நலனை இப்படியா பார்ப்பது என்று அவருக்கு இரவெல்லாம் உறுத்தியது. ஆனால் பதினைந்து நாள் போன் வரவில்லை. பிறகு, கல்லா நாற்காலியில் யார் உட்காருவது என்று கேட்டு வந்தார்கள். இம்முறை தெரிந்தே கோணலாகச் சொன்னார். யாரும் உட்காரக் கூடாது, நாற்காலியே வேண்டாம். நாலு பக்கமும் மெத்தை விரித்த கடையில் இரண்டு பெரியவர்களும் கால் வீங்க நின்றார்கள்.

ஒரு புதன்கிழமை, ஒருவருக்கு மகளும் மற்றவருக்கு மருமகளுமான அந்தப் பெண் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அப்பாவும் மாமாவும் கடையில கத்திக்கறாங்க. தெருவே வேடிக்கை பாக்குது."

வக்கீலம்மா ஆட்டோ பிடித்து ஓடினார். போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்து, இருவரும் ஒரே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் காலத்தில் கடையை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதுதான் விஷயமாம். அரை மணி நேரம் கத்தி, ஒன்பதரை என்று முடித்திருந்தார்கள்.

"உங்ககிட்ட விட்டா நடுராத்திரில திறங்கன்னு சொல்லுவீங்களோன்னு பயந்துட்டோம்" என்றார் பெண்ணின் அப்பா, கொஞ்சமும் சிரிக்காமல்.

வக்கீலம்மாவுக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. இருவரும் சம்மதிக்க, அந்த மாதமே பதினாலாம் பிரிவைத் திருத்தி எழுதினார். முதலில் நேருக்கு நேர் பேச வேண்டும். முடியாவிட்டால் வெளியாள் நடுவர். அதற்கும் மசியாவிட்டால் ஒருவர் பங்குக்கு விலை சொல்ல, அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் தீர்மானிக்க வேண்டும். பங்கை வாங்கும் பேச்சுக்கு இம்முறை யாரும் முகம் சுளிக்கவில்லை. இதையாவது வேறொரு வக்கீலிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். காட்டிவிட்டுத்தான் வந்தார்கள்.

கையெழுத்து போடும்போது "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க" என்று பேனா மேசையில் இங்குமங்கும் போய்வந்தது. இருவரும் வக்கீலம்மாவைப் பார்த்தார்கள். சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.