அரபி வாத்தியார் சொல்லித்தராத வாக்கியம்

வளைகுடாவில் டிரைவர் வேலை கிடைத்தபோது எனக்கு நாற்பது வயது. அரபி பேசக் கற்றுக்கொள்ள, பரளச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். வாத்தியார் வளைகுடா நாடுகளில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர். பேனா மூடியால் காதைக் குடைந்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். பார்க்கவே குமட்டும்.

ஆனால் சொல்லித்தருவதில் கெட்டிக்காரர். நோட்டில் எழுதவே விடமாட்டார். அவரே முதலாளியாக நடித்து அதட்டுவார். நாங்கள் உடனே அரபியில் பதில் சொல்ல வேண்டும். "சரிங்க முதலாளி", "இந்தா வாரேன்", "என் தப்புத்தான்" எல்லாம் ஒரே மாதத்தில் நாக்கில் ஏறிவிட்டன.

ஒருநாள் கேட்டேன்: "சார், உடம்புக்கு முடியல, இன்னைக்கு வேலைக்கு வரலைன்னு எப்படிச் சொல்லணும்?"

"அது உங்களுக்கு எதுக்கு? இருபது வருசத்துல நானே ஒருநாகூட அதைச் சொன்னதில்ல," என்றார் பெருமையாக. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வளைகுடாவுக்குப் போன இரண்டாம் மாதமே காய்ச்சல் வந்தது. அறையில் இருந்த மலையாளி டிரைவர் அந்த வாக்கியத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லித்தந்தார். முதலாளியிடம் சொன்னேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாத்தியார் எத்தனை காய்ச்சலோடு வண்டி ஓட்டியிருப்பார் என்று படுத்தபடியே யோசித்தேன். அப்போதும் அவர்மேல் இரக்கம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது.