பாலத்தடியில் ஒரு குளியல் துறை

அறுபதுகளில் நான் இலங்கையின் மாத்தளையில் அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தேன். சுதுகங்கைக் கரையில் ஊர் சனம் எல்லோரும் குளிக்க ஒரு துறை கட்டும் வேலை என்னிடம் வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தேன். கரையை அடைத்து நின்ற மூங்கில் புதரை வேரோடு எடுக்கச் சொன்னேன். மணல் கொட்டி, சிமெந்துப் படி கட்டி, 'பொதுக் குளியல் துறை' என்று பலகையும் நட்டேன். எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே குளித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். துணி மூட்டையோடு படியைத் தாண்டிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை நிறுத்தி, "ஏம்மா, இவ்வளவு நல்ல படி இருக்கே, எங்க போற?" என்று கேட்டேன்.

அவள் பாலத்தைக் காட்டினாள். தம்புள்ளை பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"மார்ல கட்டின ஈரத்துணியோட அதுக்கு முன்னால நிக்கச் சொல்றீங்களா ஐயா? மூங்கில் இருந்த வரைக்கும் நாங்க இங்கதான் குளிச்சோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் புகாராகவே சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "நானும் அங்கதான் குளிச்சேன். நீங்க மூங்கில வெட்டினதிலிருந்து நம்ம கிணத்தடியிலதான்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"ஒங்க ஆபீஸ் வேலையில நான் என்னத்தச் சொல்றது?"

அடுத்த மழைக்கு அதே இடத்தில் மூங்கில் நட்டேன். அது பாலத்தை மறைக்க நாலு வருஷம் ஆயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும்போதெல்லாம், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வேன்.